மிச்சப் புறம்போக்கில் ஆஸ்பத்திரி வேண்டாம்

விருத்தாசலம் வட்டாரக் கிராமங்களில் எழும் மருத்துவமனை இடம், வீட்டுமனை இடம் தகராறு குறித்து ஒரு குடிமக்கள் அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராமசபை என்றால் பெரும்பாலும் ஒரு மரத்தடி, ஒரு ஜமுக்காளம், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, கையெழுத்து நோட்டு ஒன்று. குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறுநாள் வேலை என்று பேச்சு ஓடும்வரை கூட்டம் பொறுமையாக இருக்கும். ‘ஊருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வரப்போவுது, இடம் காட்டணும்’ என்று ஒருவர் எழுந்ததும் சூடு ஏறிவிடும். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் புறம்போக்கை ஒருவர் கைகாட்டுவார். ‘அது எங்களுக்கு மனைப்பட்டா தர்றதா சொன்ன எடமாச்சே’ என்று பின்வரிசையில் பெண்கள் குரல் கொடுப்பார்கள். ‘ரெண்டையும் கட்டிட்டா மாடு எங்கய்யா மேயும்?’ என்பார் ஒரு பெரியவர். சத்தம் அடங்கும்போது யாருக்கும் வேண்டாத ஓர் இடம் தேறியிருக்கும். ஒன்று ஏரி உள்வாய், இல்லையென்றால் சுடுகாட்டுப் பாதை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும்.

அந்த ஒருமனதைத்தான் இவ்வமைப்பு எதிர்க்கிறது.

மருத்துவமனையா, வீட்டுமனையா என்ற கேள்வியே தவறாகப் போடப்பட்ட கேள்வி என்பது அமைப்பின் கருத்து. இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் இடம் பார்க்கும் அளவுகோல் வேறு வேறு. வண்டி இல்லாதவர் நடந்து வந்து சேரும் இடத்தில் மருத்துவமனை இருக்க வேண்டும். வீட்டுமனை, தண்ணீர் நிற்காத மேட்டில் பட்டாவோடு கிடைக்க வேண்டும். இந்த இரண்டையும் வரைபடத்தில் பார்க்காமல், சர்வே எண்ணை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கம் நிற்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையம் என்ற யோசனை 1946-இல் போர் (Bhore) குழு கொடுத்த அறிக்கையில் பிறந்தது. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய மேம்பாட்டுத் திட்டத்தோடு அது கிராமத்துக்கு வந்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது இன்றும் நடப்பிலுள்ள கணக்கு. முப்பதாயிரம் பேர் என்றால் ஏழெட்டு ஊர், சில இடங்களில் பத்து ஊர்கூட வரும். அத்தனை ஊருக்கும் பொதுவான ஒரு கட்டடத்துக்கு ஒரே ஒரு ஊர் இடம் காட்டுகிறது. எந்த ஊர் முதலில் காட்டுகிறதோ அங்கே கட்டடம் போய்விடும் என்ற அவசரத்தில், இருக்கிற இடத்தில் நல்லதைக் காட்டாமல் கையில் கிடைத்ததைக் காட்டிவிடுகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர் எவ்வளவு தூரம் நடப்பார் என்று அந்தக் கூட்டத்தில் கேட்க ஆள் இல்லை. அவருக்கு அங்கே ஓட்டும் இல்லை.

தூரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொதுவாக அன்றுதான் கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை தடுப்பூசி. எட்டு மாதக் கர்ப்பிணி, கூடவே மாமியார், இடுப்பில் மூத்த குழந்தை. மெயின்ரோட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் கருவேல மரத்து நிழல் தவிர வேறு நிழல் இல்லாத மண் ரோட்டில் நடக்கிறார்கள். மழை பெய்தால் ஆட்டோ உள்ளே வராது. பிரசவ வலிக்கு 108 வரும். 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தச் சேவை பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் மாதாந்தரப் பரிசோதனைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் 108 வராது. நடக்க முடியாதவர் வருவதை நிறுத்திவிடுவார். பிறகு ஒருநாள் நிலைமை முற்றி விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று அலைவார்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருவது உண்மை. அதைக் காட்டி, நிலையம் எங்கே இருந்தால் என்ன என்று வாதிடுகிறவர்களும் உண்டு. மாத்திரை வீடு தேடி வரும். ஸ்கேனும் ஆய்வகமும் பிரசவ அறையும் வராது.

விருத்தாசலத்துக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. இது பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கே இருக்கின்றன. அகல் விளக்கு, பொம்மை, மின் காப்பான் என்று சூளையிலிருந்து இறங்கும் பொருள்களை நாடு பார்த்திருக்கிறது. அந்தப் பொருளுக்குப் பின்னால் களிமண்ணும் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் அரைபடும் தூசி இருக்கிறது. சிலிக்கா தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் வரும் சிலிகோசிஸ், 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. சின்னச் சின்னப் பட்டறைகளில் கூலிக்கு வேலை செய்கிறவர் இருமலுக்கு மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார். அவர் தினமும் போய்வரும் வழியில் மருத்துவமனை இருந்தால் ஒருநாள் உள்ளே நுழைவார். ஏரிக்கு அந்தப்புறம் இருந்தால் நுழையமாட்டார். இந்த வட்டாரத்தில் புதிதாக அமையும் எந்த நிலையத்திலும் நுரையீரல் பரிசோதனைக் கருவி இருக்க வேண்டும் என்பது அமைப்பின் தனிக் கோரிக்கை.

இனி நிலத்துக்கு வரலாம். புறம்போக்கு என்ற ஒற்றைச் சொல்லில் பல நிலங்கள் ஒளிந்திருக்கின்றன. நத்தம் வேறு, மேய்க்கால் வேறு, களம் வேறு, மந்தைவெளி வேறு, ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் வேறு. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டைப் புரட்டினால் எது எது என்று தெரிந்துவிடும். நீர்நிலையாக எழுதப்பட்ட நிலத்தில் எதையும் கட்டக் கூடாது என்பதில் இவ்வமைப்புக்கு இரண்டாம் பேச்சு இல்லை. வீடும் கூடாது, ஆஸ்பத்திரியும் கூடாது.

இங்கே ஒரு தீர்ப்பைப் பற்றிப் பேச வேண்டும். பஞ்சாபின் பாட்டியாலா அருகே ரோஹர் ஜாகிர் என்ற ஊரின் குளத்தை மூடி வீடு கட்டியவர்கள் சம்பந்தமான ஜக்பால் சிங் வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஊர்ப்பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதே தீர்ப்பு விதிவிலக்கும் கொடுத்தது: நிலமற்ற கூலித் தொழிலாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு அறிவிக்கை வழியாகக் குத்தகைக்குக் கொடுத்த நிலம், ஏற்கெனவே பள்ளிக்கூடமோ மருந்தகமோ அமைந்துவிட்ட நிலம். இந்த விதிவிலக்கைத்தான் சிலர் திருப்பிப் போட்டுப் படிக்கிறார்கள். ‘ஆஸ்பத்திரி என்றால் கோர்ட்டே ஒத்துக்கும்’ என்று சொல்லி ஏரியில் அஸ்திவாரம் தோண்டலாம் என்கிறார்கள். ஏற்கெனவே இருப்பதை இடிக்க வேண்டாம் என்பதற்கும் இனிமேல் போய்க் கட்டு என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கடலூர் மாவட்டத்துக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடையில் வந்த வெள்ளம் வீடுகளையும் ஆட்களையும் அடித்துக்கொண்டு போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரித் தோப்பையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. ஊர் தண்ணீரில் நிற்கும் அன்றைக்குத்தான் மருத்துவமனை திறந்திருக்க வேண்டும். ஏரிக்குள் கட்டிய மருத்துவமனை, தேவைப்படும் அதே நாளில் மூழ்கும்.

வீட்டுமனை கேட்கிறவர்கள் பக்கம் பார்த்தால் நியாயம் இன்னும் பழையது. கிராமத்தில் இலவச மனைப்பட்டா என்றால் 3 சென்ட் வரை. கேட்பவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர் குடியிருப்பில் ஒரே வீட்டில் மூன்று குடும்பமாக இருப்பவர்கள். இவர்களுக்கு மனை வாங்கித் தருவதற்கென்றே 1978-இல் தமிழ்நாடு ஒரு நில எடுப்புச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. சட்டம் செல்லும், நஷ்டஈட்டைத் தவணையில் கொடுப்பது மட்டும் செல்லாது என்று தீர்ப்பானது. சட்டம் இருந்தும் பல ஊர்களில் மனை கேட்டு எழுதிய மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. குடிசையில்லாத் தமிழ்நாடு என்று ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பட்டா இடம் இருப்பவருக்குத்தான் வீடு. இடமே இல்லாதவர் புதுத் திட்டத்தைச் செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டியதுதான்.

ஆகவே, ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி மனைக்கு ஒதுக்கிய நிலத்தை எடுப்பதை இவ்வமைப்பு ஏற்காது. ஊரில் ‘காலனிக்காரங்களுக்கு இங்க மனை கொடுத்துட்டா நாளைக்கு…’ என்று பாதியில் நிறுத்தப்படும் ஒரு வாக்கியம் உண்டு. அந்தப் பாதி வாக்கியத்துக்காகவே பொதுக் கட்டடம் ஒன்றைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தும் தந்திரமும் உண்டு. அதேபோல் ஊர்த்தெருவுக்குள் நிலையத்தைக் கட்டி, காலனியிலிருந்து வருகிறவர் தயங்கித் தயங்கி நுழையும்படி செய்வதும் நடக்கிறது. இரண்டு பக்கமும் கூச்சமில்லாமல் வரக்கூடிய பொதுச்சாலை ஓரமே சரியான இடம். திருவள்ளூர்ப் பக்கம் போகிறவர்கள் குத்தம்பாக்கத்தைப் பார்த்திருக்கலாம். அங்கே ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோ ரங்கசாமியின் முயற்சியில், தலித் குடும்பமும் மற்றச் சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் எழுந்தன. ஒரு ஊராட்சி மனசு வைத்தால் மனைப்பிரிவை எப்படி வரையலாம் என்பதற்கு அது போதும்.

அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு இடம் எங்கே? சாலை ஓரத்தில் வண்ணக் கொடி கட்டி, வளைவு வைத்து, எல்லைக்கல் நட்டிருக்கும் மனைப்பிரிவுகளைப் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபின் இந்தத் தொழில் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அது பூங்காவாகவே இருக்கட்டும். அதில் கை வைக்கச் சொல்லவில்லை. அதுபோகப் பொதுப் பயன்பாட்டுக்கென்று உள்ளாட்சிக்குக் கிடைப்பது அரை சதவீதம். 10 ஏக்கர் மனைப்பிரிவில் அது 5 சென்ட்கூடத் தேறாது. துணை சுகாதார நிலையத்துக்கே இழுபறி. இந்தப் பங்கை அரசு உயர்த்த வேண்டும், அதை மனைப்பிரிவின் மூலையில் அல்லாமல் சாலை முகப்பில் தர வேண்டும் என்று அமைப்பு கோருகிறது.

இது புதுமையான கோரிக்கை அல்ல. இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி, வீடு கட்டி விற்கும் நிறுவனம் அந்த வீடுகளால் கூடும் சுமைக்காகப் பள்ளிக்கும் டாக்டர் கிளினிக்குக்கும் பங்கு கொடுக்கும்படி உள்ளாட்சி ஒப்பந்தம் போட முடியும். 2011-க்குப் பிறகு அங்கே ஒரு கிராமம் தன் வட்டாரத் திட்டத்தைத் தானே வரைந்து, ஊர் வாக்கெடுப்பில் நிறைவேற்றிக்கொள்ளவும் முடியும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கிய காலத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊராட்சியின் பொறுப்புக்கு வந்துவிட்டன. நம் ஊரில் இடம் கொடுப்பது ஊராட்சி, நடத்துவது சுகாதாரத் துறை. இடம் சரியில்லை என்றால் ஆளுக்கு ஆள் கைகாட்டிக்கொள்ளலாம்.

நிலம் எடுப்பு என்றாலே இந்தப் பக்கத்து மக்கள் மிரள்வதற்குக் காரணம் இருக்கிறது. நெய்வேலி பக்கத்தில்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி. சுரங்க வேலைக்காக, விளைந்து நின்ற நெல் வயலுக்குள் பொக்லைன் இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். எனவே பொதுக் காரியத்துக்குத் தனியார் நிலம் எடுத்தே ஆக வேண்டுமென்றால், பேச்சுவார்த்தையில் விலை பேசி, பணம் கைக்கு வந்தபிறகே நிலத்தில் கால் வைக்க வேண்டும் என்பதில் அமைப்பு உறுதியாக இருக்கிறது.

இன்னொரு சங்கடம். கடலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஐம்பது வருடம் நிற்கப்போகும் கட்டடத்தின் இடத்தை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் அலுவலர் கையெழுத்தில் முடிவு செய்யக் கூடாது. அப்படி எடுத்த முடிவு எதுவாயினும் புதிய மன்றத்தின் முன் மறுபடி வைக்கப்பட வேண்டும். பயனடையப்போகும் எல்லா ஊர்களின் கிராமசபைகளிலும் அது படிக்கப்பட வேண்டும். படிக்கும்போது புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். மனை கேட்டு மனு கொடுத்தவர்களின் பட்டியலும் பக்கத்தில் இருக்கட்டும்.

மேய்ச்சல் நிலம் கேட்ட பெரியவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மேய்க்காலை வகை மாற்றினால் அதே அளவு நிலத்தை அதே ஊரில் மேய்க்காலாக எழுதித் தந்த பிறகே மாற்ற வேண்டும். பதிலுக்கு நிலம் இல்லையென்றால் அந்த இடம் மாட்டுக்கே.

அடுத்த கிராமசபைக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதற்கு முந்தின நாள், உங்கள் தெருக்கோடி வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கும் இடம்வரை நடந்து போய்வாருங்கள். வண்டி வேண்டாம். முடிந்தால் வயதான ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். எத்தனை நிமிடம் ஆனது, வழியில் எங்கே தண்ணீர் தேங்கும், இருட்டினால் எங்கே விளக்கு இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கையெழுத்து நோட்டு உங்களிடம் வரும்போது, கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைச் சத்தமாகப் படியுங்கள்.