கொம்பு முறியலாம், மனம் முறியலாமா?

கண்ணகி வழிபாடு வேரூன்றிய மட்டக்களப்பு நாட்டில் கொம்புமுறி விளையாட்டுப் பழம்பெருமை வாய்ந்தது. பூப்பறிக்கச் சென்ற கோவலனும் கண்ணகியும் நீட்டிய கொம்புகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டன என்று அதன் கதை கூறும். ஊரார் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, ஒரு கொம்பு முறியும்வரை இழுப்பர். கொம்பு முறிந்தால் வேறு கொம்பு வெட்டலாம். மனம் முறிந்தால் என் செய்வது?

அமெரிக்க அறிஞர்களான கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கருவி, பிணக்கை எதிர்கொள்ளும் முறைகளை ஐந்தாக வகுக்கின்றது. தன் கருத்தை நிலைநாட்டப் போராடுதல், விட்டுக்கொடுத்தல், ஒதுங்குதல், ஆளுக்குப் பாதியாக இணங்குதல், இருவர் தேவையும் நிறைவேறக் கூடி வழி காணுதல் என்பன அவை. ஐந்தும் தத்தம் இடத்திற் பயன் தருவனவே. ஒன்றையே எங்கும் கையாள்வதுதான் பிழை.

இரவுக்கு என்ன கறி என்னும் வழக்கில் விட்டுக்கொடுப்பது அழகு. சினம் பொங்கும்போது பேச்சை மறுநாளைக்கு வைப்பது அறிவு. பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையானால், இப்பொழுதே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்று உறுதியாய் நிற்பது கடமை.

ஆயின், பெரிய காரியங்கள் வேறு. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது நம்மிடையே நெடுநாளைய மரபு. கையிலுள்ள பணத்தில் வீட்டைத் தொடங்குவோம் என்கிறாள் மனைவி. ஈடுவைத்த வயலை முதலில் மீட்போம் என்கிறான் கணவன். ஒத்திப்போட்டால் வட்டி ஏறும். பாதி பாதியாகப் பங்கிட்டால் வீடும் எழாது, வயலும் மீளாது. இங்கே ஐந்தாவது வழியே தக்கது.

'ஏன்?' என்று ஒருவரையொருவர் அமைதியாகக் கேளுங்கள். மகள் இருக்க இடமின்றி நிற்பாளோ என்பது தாயின் அச்சம். வயல் கைமாறிவிடுமோ என்பது தந்தையின் அச்சம். அச்சங்கள் வெளிப்பட்டால் வழியும் வெளிப்படும். மகள் சிறுமியாயின் வயலை மீட்டு, பெரும்போக விளைவில் ஒரு பங்கை அவள் பெயரில் வங்கியில் இடலாம். மணநாள் நெருங்கியிருப்பின் வீட்டை முற்படுத்தி, கடனுக்குத் தவணை கேட்கலாம்.

மனைவியின் உற்றார் அயலிலேயே வாழும் ஊர்கள் நம்முடையவை. சிறு பூசலுக்கெல்லாம் அவர்களை வடம்பிடிக்க அழைக்காதீர்கள். ஆனால் கையோங்கும் வீட்டில் இவ்வைந்தும் பொருந்தா. அது பிணக்கன்று, கொடுமை. அங்கே பொறுமை காத்தல் வேண்டா. உற்றாரையும் சட்டத்தையும் நாடுவதே முறை.