அரைப் பனடோலும் உண்ணிக் காய்ச்சலும்

இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து லயன்களில் நாய் சோறு தொடாமல் சுருண்டு படுத்தால், காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கருவாட்டுத் துண்டுக்குள் அரைப் பனடோலை மறைத்துக் கொடுப்பார்கள். பிள்ளைக்கே கொடுக்கிறோம், நாயை என்ன செய்துவிடும் என்பதுதான் கணக்கு.

இது முழுக்கப் பிழையான கணக்கல்ல. டொக்சிசைக்ளின், அமொக்சிசிலின் போன்ற மனிதர் மருந்துகளைக் கால்நடை வைத்தியர்களே எழுதித் தந்து பாமசியில் வாங்கச் சொல்வதுண்டு. எந்த மருந்து, எத்தனை கிலோ நாய்க்கு, என்ன நோய்க்கு என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

ஒரு பனடோல் குளிசையில் 500 மில்லிகிராம் பரசிற்றமோல். 12 கிலோ நாய்க்கு அரைக் குளிசை என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 20. ஈரல் கெடுவது பொதுவாக 100ஐத் தாண்டும்போதுதான். ஆகவே அந்த நாய் பெரும்பாலும் தப்பிவிடும். வினையே அதுதான். அந்தத் துணிவில் அடுத்த முறை 2 கிலோ குட்டிக்கு முழுக் குளிசை போகும், கிலோவுக்கு 250! பூனைக்கோ கொஞ்சமும் ஆகாது. அதன் ஈரலுக்குப் பரசிற்றமோலைச் சரியாகக் கழிக்கத் தெரியாது; ஒரு குளிசையே கொல்லப் போதும்.

இங்கே நாய்க்குக் காய்ச்சல் என்றால் முதலில் உண்ணியைத் தேட வேண்டும். உண்ணி பரப்பும் பபீசியா என்ற கிருமி சிவப்பணுக்களை உடைக்கும், ஈறு வெளிறிப்போகும். அளவு மிஞ்சிய பரசிற்றமோலும் அதே சிவப்பணுக்களைத்தான் தாக்குகிறது. அளவோடு கொடுத்தால்கூட, சூடு இறங்கி நாய் எழுந்து நடக்கும், வீட்டார் நிம்மதியாவார்கள், பபீசியா உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நஞ்சைவிட இந்தத் தாமதத்துக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

ஆச்சியின் மூட்டுவலிக்கு வாங்கிய இபுபுரோபன், டைக்ளோபெனக் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அரையும் வேண்டாம், காலும் வேண்டாம்.

டைக்ளோபெனக் போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்றே இந்தியாவின் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006இல் இந்தியா அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடுத்தது. ஆனாலும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டேயிருந்தன. 2015இல் குப்பியை 3 மில்லிலீற்றராகச் சுருக்க வேண்டிவந்தது. ஓட்டை இருந்தது மனிதர் மருந்துக் கடையில். இங்கே இலங்கையிலும் கால்நடை மருந்துகளுக்கு 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம், மனிதர் மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். கருவாட்டுக்குள் போகும் அரைப் பனடோல் இரண்டின் கண்ணிலும் படாது.

சட்டத்தை விடுங்கள், வைத்தியர் எங்கே? நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடமும் அதன் ஆஸ்பத்திரியும் கண்டிக்கு அப்பால் பேராதனையில். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். தோட்டத்திலிருந்து முச்சக்கரவண்டி பிடிக்கக் கூலிக்காரரின் கைக்காசு போதாது. அவரிடம் போய் “பனடோல் கொடுக்காதே” என்று மட்டும் சொல்வது அநியாயம்.

விசர்நாய்த் தடுப்பூசி போட அரசாங்க ஆட்கள் இலவசமாக ஊருக்குள் வருகிறார்களே, அவர்கள் கையில் ஒரு தராசைக் கொடுக்கலாம். நாயின் நிறையை அட்டையில் எழுதி, பிரதேசக் கால்நடை வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துவிட்டால், பாமசிக்காரர் “யாருக்கு?” என்று கேட்டு, அழைத்து விசாரித்துவிட்டுக் கொடுக்க வழியிருக்கும்.

இன்னொன்றையும் அவர்கள் சொல்லிவிட்டுப் போக வேண்டும். விழுங்க முடியாமல் வாய்நீர் வடிக்கும் நாய்க்கு எலும்பு சிக்கியதென்று எண்ணி, குளிசையோடு விரலை வாய்க்குள் விடக்கூடாது. அது விசராகவும் இருக்கலாம். விட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசிக்கு அங்கே காசு இல்லை.