குடலா, கல்லீரலா: எது முதலில்?

பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் இருப்பது தெரியவரும்போதே, சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. இவர்களில் அறுவைக்குத் தகுதியுள்ளவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு: குடலை முதலில் அறுப்பது, கல்லீரலை முதலில் அறுப்பது, இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிப்பது. இவற்றில் ஒன்றுதான் எல்லோருக்கும் சிறந்தது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. நோயாளியின் உயிருக்கு முதல் ஆபத்து எங்கிருந்து வருகிறதோ, அதுவே வரிசையை முடிவுசெய்ய வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

நடைமுறையிலோ, நோயாளி முதலில் எந்தத் துறையின் கதவைத் தட்டினார் என்பதே பல நேரம் முடிவுசெய்துவிடுகிறது. குடல் அறுவை முடிந்து, புண் ஆறி, கீமோவும் சில சுற்று போன பிறகுதான் கல்லீரல் அறுவை நிபுணரின் கைக்கு ஸ்கேன் போய்ச் சேருகிறது. இதை நாங்கள் ஏற்கவில்லை.

குடல் அடைத்தோ, ஓட்டை விழுந்தோ, நிற்காத ரத்தப்போக்கோடோ வருபவருக்குக் குடலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் விவாதமே இல்லை. அடைப்பு மட்டும் என்றால், கட்டியை அப்படியே விட்டு, மலம் வெளியேற வயிற்றில் திறப்பு (ஸ்டோமா) வைத்து, சீக்கிரமே கீமோ தொடங்கும் வழியையும் யோசிக்க வேண்டும்.

அறிகுறி அதிகமில்லாத குடல் கட்டி, கல்லீரலிலோ கனத்த நோய் என்றால் கதை வேறு. ஜெனீவாவில் ஜில் மாந்தாவின் குழு கீமோ, கல்லீரல், கடைசியாகக் குடல் என்று வரிசையைத் திருப்பிப்போட்டு 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. இதன் பின்னுள்ள தர்க்கம் எளிது. இந்நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது பரவிய நோய்தான். குடலை முதலில் அறுத்து, தைத்த இடம் கசிந்துவிட்டால் கீமோ வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதற்குள் கல்லீரல் கட்டி கைமீறிவிடலாம். மலக்குடல் நோயாளிகளுக்கு இவ்வழி இன்னும் பொருந்தும்: கதிர்வீச்சு கொடுத்துவிட்டு, கட்டி சுருங்கக் காத்திருக்கும் வாரங்களிலேயே கல்லீரல் அறுவையை முடித்துவிடலாம்.

இரண்டையும் ஒன்றாகச் செய்வதைப் பற்றி: பிரான்ஸின் மெட்டாசிங்க் ஆய்வு 2021-இல் வெளியானது. இரண்டையும் ஒன்றாகச் செய்த பிரிவு, கல்லீரல் அறுவையைத் தள்ளிப்போட்ட பிரிவு இரண்டிலும் பெரிய சிக்கல்கள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வந்தன. கல்லீரல் அறுவையைத் தள்ளிப்போட்ட 46 பேரில் 8 பேர் அந்தக் கட்டத்தை எட்டவேயில்லை. ஆனால் கணக்கில் வந்தவர்கள் மொத்தமே 85 பேர். இதை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கத்தைப் புரட்டிப்போட முடியாது. கல்லீரலில் சிறு பகுதியை மட்டும் எடுத்தால் போதும், குடல் அறுவையும் சிக்கலற்றது என்றால் ஒரே மேசையில் முடிப்பதை ஆதரிக்கிறோம். கல்லீரலின் பெரும்பகுதியை எடுப்பதையும் மலக்குடலில் தாழ்வாக இணைப்புத் தைப்பதையும் ஒரே நாளில் செய்வதை ஆதரிக்கவில்லை, அறுவை செய்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும்.

கல்லீரல் நோயை அகற்றவே முடியாது, குடல் கட்டியும் தொந்தரவு தரவில்லை என்றால் குடலை அறுப்பதால் ஆயுள் நீளாது. ஜப்பானில் 165 பேரிடம் நடந்த ஆய்வில், அறுவையோடு கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 25.9 மாதங்கள், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 26.7. ‘கட்டியை உள்ளே விட்டுவைக்கலாமா?’ என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. இந்த எண்களை அவர்களிடம் பொறுமையாகச் சொல்வது மருத்துவரின் வேலை.

கீமோ நன்றாகக் கேட்கிறது என்று சுற்றுகளை நீட்டிக்கொண்டே போவதும் தவறு. ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து கல்லீரலின் நுண்ணிய ரத்தப் பாதைகளைக் கெடுக்கும். ஸ்கேனில் கட்டி மறைந்தால் நோய் போய்விட்டது என்று பொருளல்ல. அறுக்க வேண்டிய இடம் தெரியாமல் போகும் சங்கடமும் சேரும். இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி படம் எடுத்து, அறுவைக்கு நாள் குறிப்பது பற்றிப் பேச வேண்டும்.

எங்கள் உறுப்பினர்களிடம் கேட்பது இது: அவசர அறுவை தவிர மற்ற எல்லாவற்றிலும், முதல் சிகிச்சை தொடங்கும் முன்பே கல்லீரல் அறுவை நிபுணர் ஸ்கேனைப் பார்த்திருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த வரிசையும் அதற்கான காரணமும் கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். அந்த நிபுணர் இல்லாத மருத்துவமனைகள் நோயாளியை அனுப்பாவிட்டாலும் படங்களையாவது அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், ‘கல்லீரல் டாக்டர் என் ஸ்கேனைப் பார்த்தாரா?’ என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.