நாக்கில் வெள்ளையும் நம்ம பாட்டி வைத்தியமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே. நான் டாக்டர் இல்லை, குர்கானில் பொட்டி தட்டுகிறவன். பாட்டி வைத்தியத்துக்கு எதிரியும் இல்லை. சுக்கும் மிளகும் இல்லாமல் எங்கள் வீட்டில் குளிர்காலம் போகாது. ஆனால் வாயில் வரும் இந்த வெள்ளைப் படிவு விஷயத்தில் நாம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கைக்குழந்தை நாக்கு வெளுத்தால் முதல் ஃபோன் ஊருக்குத்தான் போகும். "அக்கரம்தான், பொரித்த வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவு" என்று பதில் வரும். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட ஆகாது. பாட்டுலிசம் என்ற கடும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். சுட வைத்தாலும் அவை சாகாது. வெங்காரமும் பிள்ளைகளுக்கு நஞ்சுதான்.

ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். பால் படிவு என்றால் வந்துவிடும். அக்கரம் என்றால் எளிதில் வராது. தேய்த்தால் அடியில் சிவந்திருக்கும். அப்போது குழந்தை டாக்டரிடம் போங்கள். பூஞ்சைக்கான சொட்டு மருந்தோ ஜெல்லோ கொடுப்பார். பால் கொடுக்கும் அம்மாவுக்கு மார்க்காம்பில் எரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இருவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால் மாறி மாறித் தொற்றும்.

பெரியவர்கள் கதை வேறு. கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை பலர் வாயிலும் சும்மா இருப்பதுதான். அது தலைதூக்கினால் ஏதோ காரணம் இருக்கும். எங்கள் குடியிருப்பில் ஒரு அண்ணாச்சி இரண்டு மாதம் தேங்காய் எண்ணெய் கொப்பளித்தார். வெள்ளை போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் பல் டாக்டர் சொல்லி ரத்தம் பார்த்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை 260! நாக்கு அத்தனை நாளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

டெல்லிப் பக்கத்துப் புகைக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் உறிஞ்சுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பினாலே பாதித் தொல்லை குறையும். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும், எதிர்ப்பு சக்தி குறைந்தாலும் இது வரும். பான், குட்கா போடுகிறவருக்குத் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் அது பூஞ்சையாகவே இல்லாமல், புற்றுநோயின் முன்னோடியாக இருக்கலாம்.

அப்படியானால் கை வைத்தியமே வேண்டாமா? பெரியவர்களுக்கு வேண்டும், அதனதன் இடத்தில். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் வாய்க்கு இதம். இனிப்பைக் குறைத்து, சர்க்கரை போடாத தயிர் சாப்பிடலாம். தேங்காய் எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் கேண்டிடாவை அடக்குகிறது என்கிறார்கள். ஆனால் வாய் ஆய்வுக்கூடக் குப்பி இல்லையே. பூண்டைப் பச்சையாக வைத்து வாயைப் பொசுக்கிக்கொள்ளாதீர்கள்.

என் கணக்கு இதுதான்: பெரியவர்களுக்கு ஒரு வாரம் உப்புத் தண்ணீர். அதற்குள் போகவில்லை, அல்லது போய்த் திரும்ப வந்தது என்றால் டாக்டர். விழுங்கும்போது வலித்தால் அந்த ஒரு வாரமும் கிடையாது. பக்கத்தில் இருந்து பார்க்க பாட்டி இல்லாத ஊரில் இருக்கிறோம். ஃபோனில் வரும் வைத்தியத்துக்கு நம் வாய் தெரியாது.