ஜெயித்து வரும் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை

தோற்று வரும் பிள்ளையைத் தேற்றுவது எப்படி என்று நம் எல்லோருக்குமே ஓரளவு தெரியும். தலையைத் தடவிக் கொடுத்து, "விடு கண்ணு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று சொல்லி, சுடச் சுட இரண்டு தோசை வார்த்துப் போட்டால் பாதி துக்கம் கரைந்துவிடும். ஆனால் ஜெயித்து வரும் பிள்ளைக்கு என்ன சொல்கிறோம்? அதுவும் எதிரணியை ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் நொறுக்கிவிட்டு வந்தால்? "என்ற பையன் டீமு இருபதுக்கு சைபர்னு ஜெயிச்சுப் போட்டாங்க!" என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப் போகிறோம். எதிரில் ஆடிய குழந்தைகள் யார், அவர்கள் என்ன முகத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் குறுவட்டப் போட்டிகள் வந்துவிடும். மங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பி.டி. மாஸ்டர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சொந்த மைதானமும் தனிப் பயிற்சியாளரும் உள்ள பெரிய பள்ளிக்கூடமும், ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஆடிப் பழகிய சின்னப் பள்ளிக்கூடமும் முதல் சுற்றிலேயே எதிர் எதிராக நிற்கும்படி ஆகிவிடுவதும் உண்டு. அந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பது டாஸ் போடும்போதே தெரிந்துவிடும். எப்படி ஜெயிக்கிறார்கள் என்பதைத்தான் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்.

மும்பைக்குப் பக்கத்தில் கல்யாண் என்று ஓர் ஊர். அங்கே 2016 ஜனவரி 4, 5 தேதிகளில் பள்ளிகளுக்கு இடையிலான பண்டாரி கோப்பை கிரிக்கெட் போட்டி நடந்தது. 16 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கான போட்டி. கே.சி. காந்தி பள்ளியும் ஆர்ய குருகுலம் பள்ளியும் மோதின. முதலில் ஆடிய ஆர்ய குருகுலம் 31 ரன்னுக்கு எல்லோரும் அவுட். அடுத்து ஆடிய கே.சி. காந்தி பள்ளி, 3 விக்கெட் இழப்புக்கு 1,465 ரன் எடுத்த பிறகுதான் "போதும்" என்று நிறுத்தியது! அதில் பிரணவ் தனவாடே என்ற 15 வயதுப் பையன் ஒருவனே, அவுட் ஆகாமல் 1,009 ரன். மறுபடி ஆடிய ஆர்ய குருகுலம் எடுத்தது 52. ஒரு இன்னிங்ஸ், 1,382 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

பிரணவ் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகன். 1899-ல் இங்கிலாந்தில் ஏ.இ.ஜே. காலின்ஸ் என்ற பள்ளி மாணவர் எடுத்த 628 ரன்தான் அதுவரை ஒரே ஆட்டத்தில் ஒருவர் எடுத்த அதிக ரன். அந்த 116 வருஷத்துச் சாதனையை ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை தாண்டினான் என்றால் சந்தோஷப்படாமல் இருக்க முடியுமா? நாடே கொண்டாடியது. சச்சின் தெண்டுல்கர் கையெழுத்துப் போட்ட பேட் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். மும்பை கிரிக்கெட் சங்கம் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அந்தப் பையன் மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆடச் சொன்னார்கள், பந்து வந்தது, அடித்தான்.

இப்போது எதிர்ப் பக்கத்தைப் பாருங்களேன். ஆர்ய குருகுலத்தின் பெரிய வகுப்புப் பையன்கள் பரீட்சை என்று வரவில்லையாம். வந்தவர்களில் பலர் பத்து, பன்னிரண்டு வயதுப் பொடியன்கள் என்றும், கனமான தோல் பந்தில் ஆடிப் பழக்கம் இல்லாதவர்கள் என்றும் அப்போதே பத்திரிகைகளில் வந்தது. பரீட்சை முக்கியம் என்று பெரியவனை வீட்டில் இருத்திக்கொண்டு, எண்ணிக்கைக்காகச் சின்னவனை அனுப்பி வைத்தது பெரியவர்கள்தானே?

கிரிக்கெட் நுணுக்கமெல்லாம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வீட்டுக் கணக்கு போடுகிற எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். 31 ரன் எடுத்த அணியை ஜெயிக்க எத்தனை ரன் வேண்டும்? 300 போதாதா? சரி, சாதனை ஆசை என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாள் மாலையே 628-ஐத் தாண்டி, பிரணவ் 652-ல் நின்றான். சாதனை அன்றே கைக்கு வந்தாயிற்று. அப்படியும் மறுநாள் காலை ஆட்டம் தொடர்ந்தது. அந்தப் பொடியன்களும் மறுபடி தொப்பியை மாட்டிக்கொண்டு பந்து பொறுக்க வந்தார்கள். அவர்கள் வந்து நின்றதை நினைத்தால் எனக்கு அந்த ஆயிரம் ரன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

கதை அதோடு முடியவில்லை. அந்த ஸ்கோர் ஜெயித்த பையனையும் சும்மா விடவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் "ஆயிரம் ரன் பையன்" என்ற பெயரைச் சுமந்துகொண்டே அவன் ஆட வேண்டியிருந்தது. சம பலமுள்ள அணிகளோடு ஆடும்போது முன்போல ரன் வரவில்லை. 2017-ல் அவனுடைய தகப்பனாரே, உதவித்தொகையை நிறுத்திவிடும்படி சங்கத்துக்கு எழுதினார். மாதம் 10,000 ரூபாயை ஒரு தொழிலாளி வீடு வேண்டாம் என்று சொல்வதென்றால், அந்த வீட்டில் எவ்வளவு பாரம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இடையில் "போதும்" என்று சொல்ல ஒரு பெரியவர் இருந்திருந்தால், பொடியன்களும் தப்பித்திருப்பார்கள். இவனுக்கும் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பெண் குழந்தைகள் ஆடிய ஓர் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில், 2009 ஜனவரியில், கவனன்ட் பள்ளிக்கூடத்துப் பெண்கள் டல்லஸ் அகாடமி பெண்களைக் கூடைப்பந்தில் 100-0 என்று ஜெயித்தார்கள். தோற்றவர்கள், படிப்பில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். பாதி ஆட்டத்திலேயே 59-0. அப்புறமும் விடவில்லை. பிறகு ஜெயித்த பள்ளிக்கூடமே வெட்கப்பட்டுப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அந்த வெற்றியே தங்களுக்கு வேண்டாம் என்றும் சொன்னது. மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று சொன்ன பயிற்சியாளர் வேலையை விட்டே போக நேர்ந்தது.

"அதற்காக, வேண்டுமென்றே கோட்டை விடச் சொல்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இல்லவே இல்லை. எதிரில் நிற்பவளைப் பார்த்து இரக்கப்பட்டுப் பந்தைத் தவற விடுவது, சிரித்துக்கொண்டே விளையாட்டுக் காட்டுவது, இதெல்லாம் அவளை இன்னும் கூசச் செய்யும். குழந்தைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். முழு மனசோடு ஆட வேண்டும். எங்கே நிறுத்துவது, யாரை இறக்குவது என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

பலவீனமான அணி ஆடவே வரக்கூடாது என்பதும் சரியில்லை. 2017 நவம்பரில் குண்டூரில் நடந்த 19 வயதுக்கு உட்பட்ட பெண்கள் கிரிக்கெட்டில், நாகாலாந்துப் பெண்கள் கேரளத்தை எதிர்த்து 17 ஓவர் நின்று எடுத்தது மொத்தமே 2 ரன். அதிலும் ஒன்று வைடு! சரியாக வீசிய முதல் பந்திலேயே கேரளம் ஜெயித்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்து நாட்டில் எத்தனையோ பேர் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? வசதியும் பழக்கமும் உள்ள மாநிலத்தோடு, அப்போதுதான் கால் வைக்கிற மாநிலத்தை நிறுத்தினால் வேறு என்ன நடக்கும்?

நம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் புதிதாக வேலைக்கு வரும் பெண்ணை முதல் நாளே ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்து, பத்து வருஷ அனுபவம் உள்ள டெய்லரோடு பீஸ் கணக்கில் போட்டி போடச் சொல்வார்களா? முதலில் கைமடி. கை பழகிய பிறகுதான் மெஷின். வேலைக்கு வைத்திருக்கிற அந்தப் படியை விளையாட்டுக்கும் வைக்க வேண்டும்.

அப்படி வைத்ததும் உண்டு. 2001 ஏப்ரல் 11-ல், உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதி ஆட்டம் ஒன்றில், ஆஸ்திரேலியா பசிபிக் கடலில் உள்ள அமெரிக்கன் சமோவா என்ற குட்டித் தீவை 31-0 என்று ஜெயித்தது. பாஸ்போர்ட் சிக்கலால் தீவின் வழக்கமான ஆட்டக்காரர்கள் ஆட முடியாமல் போக, 15 வயதுப் பையன்களெல்லாம் அன்று ஆடினார்கள். ஒரே ஆளாக 13 கோல் போட்ட ஆர்ச்சி தாம்சனே, இப்படிப்பட்ட ஆட்டங்கள் தேவைதானா, சின்ன அணிகளுக்குத் தனியாக ஒரு முதற்கட்டச் சுற்று வைக்கலாமே என்று சொன்னார். அடுத்த உலகக் கோப்பைக்கு அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு சுற்றும் வந்தது. அன்று 31 கோல் வாங்கிய கோல்கீப்பர் நிக்கி சலாபு ஆட்டத்தை விட்டு ஓடிவிடவில்லை. 2011 நவம்பரில் அந்தத் தீவு டோங்கா நாட்டை 2-1 என்று ஜெயித்தபோது, கோல் கம்பத்தின் முன்னால் நின்றவர் அவரேதான்!

நம் கபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணி முழுதும் ஆல் அவுட் ஆனால் எதிரணிக்கு 2 புள்ளி கூடுதல். ஆனால் வெளியே போன ஏழு பேரும் உடனே உள்ளே வந்துவிடலாம். அடித்தவர்களுக்குப் பரிசு, விழுந்தவர்களுக்கு எழுந்து நிற்க இன்னொரு வாய்ப்பு. மல்யுத்தத்தில் ஃப்ரீஸ்டைல் பிரிவில் 10 புள்ளி முன்னிலை வந்தாலே ஆட்டம் முடிந்தது. இப்படி "போதும்" என்ற வார்த்தையை விதியிலேயே எழுதி வைத்த ஆட்டங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்துக்கு 2006-ல் ஒரு விதி கொண்டு வந்தது. 50 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால், அடுத்த ஆட்டத்தில் பயிற்சியாளருக்குத் தடை. தண்டனை பிள்ளைகளுக்கு இல்லை, பெரியவருக்கு என்பதைக் கவனியுங்கள்.

சரி, அடுப்படியில் நிற்கிற நாம் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம்.

முதலாவது, ஜெயித்து வரும் பிள்ளையிடம் "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டதோடு நிற்காமல், "எதிர்ல யாரு நல்லா ஆடுனாங்க?" என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று முறை கேட்டால், அடுத்த ஆட்டத்தில் பிள்ளையே எதிரணியைக் கவனித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் பேசாமல், பி.டி. மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "ஆட்டம் நம்ம கைக்கு வந்தாச்சுன்னா, பெஞ்சுல உக்கார்ந்திருக்கிற பிள்ளைங்களையும் இறக்கி விடுங்க சார்." நல்லவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் நம்மில் ஒருத்தியின் பிள்ளைதானே! நன்றாக ஆடுகிறவர்களை வேறு இடத்தில் நிறுத்தி ஆட வைத்தால், அவர்களும் புதிதாக ஒன்று கற்றுக்கொள்வார்கள்.

மூன்றாவது, வேடிக்கை பார்க்கப் போனால் கோட்டுக்கு வெளியே நின்று "விடாதே, இன்னும் போடு" என்று கத்தாதீர்கள். தோற்கிற பக்கம் ஒரு பிள்ளை நன்றாகத் தடுத்தால் அதற்கும் கை தட்டுங்கள். நாம் தட்டுவதைப் பார்த்து நம் பிள்ளைகளும் தட்டும்.

நான்காவது, இதுதான் ரொம்ப முக்கியம். பெரிய தோல்வி கண்டு வந்த பெண் குழந்தையிடம், "உனக்கெல்லாம் எதுக்கு இது, பேசாம வீட்ல இரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பையன் தோற்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறோம். பெண் தோற்றால் அதையே சாக்காக வைத்து நிறுத்திவிடுகிறோம். ஓடி ஆடுகிற வயதில் எலும்புக்கும் தசைக்கும் கிடைக்கிற வலு, பின்னால் பிள்ளை பெற்று, குடும்பம் தூக்கி, ஷிப்டுக்கும் போகப் போகிற உடம்புக்கு எவ்வளவு தேவை என்று நமக்குத் தெரியாதா? 20-0 என்று தோற்ற பெண்ணுக்கு நடந்தது ஒரு தோல்வி. அதோடு அவள் மைதானத்துக்கே போகாமல் நின்றுவிட்டால், அந்த நஷ்டம் ரொம்பப் பெரிது.

ஐந்தாவது, ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் மோர் குடிக்கட்டும். ஒரு குடம் மோர் கரைத்து, கொஞ்சம் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொடுத்தனுப்ப நாலு தாய்மார் சேர்ந்தால் போதும். வெயிலில் ஆடிய உடம்புக்கும் நல்லது. மோர் டம்ளரைக் கை மாற்றும்போது, ஜெயித்தவன் தோற்றவனின் பெயரையாவது தெரிந்துகொள்வான்.

உங்கள் ஊர் மைதானத்தில் இதுபோல நல்ல வழக்கம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள், சகோதரிகளே. மற்ற ஊர்த் தாய்மாருக்கும் உபயோகமாக இருக்கும்.