தங்கவயலில் தங்கும் இடம்

ஓர் ஊரைக் காணச் செல்வோர், இரவு தங்குதற்குரிய இடத்தை விலையும் வசதியும் மட்டுமே நோக்கி முடிவு செய்கின்றனர். அதனைச் சிறு செய்தி எனப் பலரும் கருதுப. யாம் அங்ஙனம் கருதவில்லை. நாம் தங்கும் இடமே, அவ்வூரில் யாரோடு உரையாடுவோம், எதனைக் காண்போம், எதனைக் காணாது மீள்வோம் என்பவற்றை உறுதி செய்கின்றது. பண்டைத் தமிழ்ப் புலவர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டினுட் பாதி ஆற்றுப்படைகளே. வழியைக் கூறுவதோடு அமையாது, இடையிடையே எவர் மனையில் தங்கலாம், ஆண்டு என்ன உணவு கிடைக்கும் என்பனவற்றையும் அவை விரித்துரைக்கின்றன.

திருத்தணிகையிற் பிறந்த எமக்கு இவ்வுண்மை கண்கூடு. மலைக்கோயிலின் 365 படிகளையும் காலையில் ஏறி, நண்பகற்கு முன் பேருந்து ஏறி மீள்வோர் கோயிலைக் கண்டவராவர். ஊரைக் கண்டவர் அல்லர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வந்து மலையடிவாரத்தில் இரவு தங்குவோரே, தமிழும் தெலுங்கும் ஒரே கடைவாயிலிற் கலந்து ஒலிக்கும் எம் எல்லையூரின் இயல்பை உணர்கின்றனர். கிறித்தவராகிய யாம் வழிபாட்டிற்கு அம்மலை ஏறுவதில்லை. எனினும், அயலாரைத் தங்கவைத்துப் பழகிய ஊரினர் என்னும் முறையில் இப்பொருள் பற்றிச் சில சொல்லத் துணிகின்றோம்.

நம் கல்லூரி மாணவர் பலர் இந்நாளில் காண விழையும் ஊர், கருநாடகத்திலுள்ள கோலார் தங்கவயல். 2018-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பெயர் தாங்கிய கன்னடத் திரைப்படமும், 2024-ஆம் ஆண்டில் ‘தங்கலான்’ என்னும் தமிழ்த் திரைப்படமும் வெளிவந்தமை அவ்விருப்பத்தை வளர்த்தன. அரக்கோணம், காட்பாடி, சோலையார்பேட்டை வழியே பங்காருப்பேட்டை சென்று, ஆண்டிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதை வண்டியில் ஏறினால் தங்கவயலை அடையலாம். சென்றபின் தங்குவது எங்கே?

இதற்கு விடை கூறுமுன் அவ்வூர் யாருடைய ஊர் என்பதனை அறிதல் வேண்டும். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே பொன் அகழத் தொடங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியினின்று ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியாக மின்னாற்றல் கொணரப்பட்டது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. 120 ஆண்டுகளில் எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன் என்பர். அதனை எடுத்த கைகளோ பெரும்பாலும் வட ஆர்க்காட்டினின்று சென்ற ஒடுக்கப்பட்ட தமிழ் மக்களின் கைகள். அவர்கள் சென்ற அந்நாளில் எம் திருத்தணிகையும் வட ஆர்க்காட்டிலேயே அடங்கியிருந்தது. பாறை வெடித்து மாண்டவரும், கற்றூள் நுரையீரலிற் படிந்து நலிந்தவரும் அவர்களே.

தமிழ் பயில்வோர் மறக்கலாகாத செய்தி மற்றொன்றும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவிற்குப் பின்னர், 1926 முதல் தங்கவயலினின்று அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. அவ்வூரார் பொன்னை மட்டும் அகழ்ந்தவர் அல்லர்; படித்தவர், எழுதியவர், அச்சிட்டவர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மக்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை.

இனித் தங்குமிடங்களை ஆராய்வோம். பெங்களூரிலே தங்கி, காலையிற் சென்று மாலையில் மீளலாம் என்பர் பலர். தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டரே, விடுதிகளுக்கும் குறைவில்லை. ஆயின், சுரங்கம் மூடியபின் தங்கவயலினர் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவிலேயே வீடு திரும்புகின்றனர். பகற்பயணியோ அவர்கள் இல்லாத நேரத்தில் ஊருட் புகுந்து, அவர்கள் திரும்பும் நேரத்தில் வெளியேறுகின்றான். இருதிறத்தாரும் எதிரெதிர் வண்டிகளில் ஒருவரையொருவர் கடந்து போகின்றனர். அங்ஙனம் சென்றவன் காண்பன, பூட்டிய சுரங்க வாயில்களும் சயனைடு மண்மேடுகளுமே. அவற்றின் முன் நின்று படமெடுத்து, ‘பேயூர்’ எனப் பெயரிட்டு மீள்கின்றான். ஊர் பாழன்று; அவன் சென்ற வேளை அத்தகையது. கோலார் நகரிலேனும் பங்காருப்பேட்டையிலேனும் தங்குவோர்க்கும், மாலையில் மீண்டுவிடின், இக்குறை உண்டு.

வேறு சிலர், வெள்ளையர் வாழ்ந்த பழைய மாளிகைகளின் அழகிலே உள்ளம் பறிகொடுத்து, அத்தகைய மனைகளில் தங்குதலே வரலாற்றை நுகர்தல் என்பர். ‘சிற்றிங்கிலாந்து’ என அவ்வூரைப் பாராட்டுவோரும் உளர். அம்மனைகளைக் காண்க; வேண்டாம் என்னோம். ஆயின், தோட்டம் சூழ்ந்த மாளிகையின் பலகணி வழியே நோக்குவோர்க்குத் தொழிலாளர் வரிசை வீடுகள் புலப்படுவது அரிது. ஆண்டவர் வீட்டில் உறங்கி, உழைத்தவர் வரலாற்றை அறிந்ததாகக் கூறுதல் பொருந்தாது.

ஆதலின், ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவை அடுத்த எளிய விடுதியொன்றில் இரண்டு இரவேனும் தங்குதல் வேண்டும் என்பதே எம் கருத்து. மாலையில் வண்டிகள் வந்து சேர, உறங்கிக் கிடந்த தெருக்கள் விழித்தெழும். தேநீர்க் கடைகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே கேட்கும். முதியோர் ஒருவர் அருகில் அமர்ந்து பேசத் தொடங்கின், நிலத்தடியில் அவர் கழித்த ஆண்டுகளின் வரலாறு நூலகங்களிற் கிடையாத வகையில் நமக்குக் கிடைக்கும். மறுநாள் ஞாயிறாயின், தமிழில் வழிபாடு நடக்கும் ஆலயங்களிற் சென்று அமரலாம். நாம் கொடுக்கும் வாடகையும் உணவு விலையும் அவ்வூரிலேயே தங்கும்.

சுரங்கத் தொழிலாளர் வீட்டிலேயே தங்கினால் என்னை எனச் சிலர் வினவலாம். அன்பு மிக்க வினாவே. எனினும் அவ்வீடுகள் மிகச் சிறியன. அங்கே நீர் அரிய பொருள். விருந்தினர்க்குப் பாயை விரித்துக் கொடுத்து வீட்டார் வாயிலில் உறங்குவர், மறுத்துச் சொல்லார். அவர் நாணம் கருதி வாய் திறவாதிருத்தலை நாம் வசதியாகக் கொள்ளலாகாது. அழைத்தால் ஒரு வேளை உண்க. உறங்குதற்கு விடுதிக்கு மீள்க.

விடுதிகள் எளியன, சத்தம் மிக்கன என்னும் தடையும் கூறப்படும். மெய்தான். ஆண்டுதோறும் எம் ஊருக்குக் காவடியோடு வருவோர் அதனினும் எளிய இடங்களிற் படுத்து மகிழ்வோடு மீள்கின்றனர். வந்த நோக்கம் பெரிதாயின் படுக்கை பெரிதாகத் தோன்றாது.

நம் ஆண்டவர் எரிகோ நகரைக் கடந்து செல்லுங்கால், ஊரார் இகழ்ந்த சகேயுவின் வீட்டையே தங்குமிடமாகத் தேர்ந்தார். கண்டோர் முறுமுறுத்தனர். வேறு வீடு கிடையாமையால் அன்று, அவனைக் கருதியே அவ்வீட்டை அவர் தேர்ந்தார் என்பது யாவரும் அறிந்ததே. விடுமுறையில் தங்கவயல் செல்ல எண்ணும் நண்பர்கள், கட்டணப் பட்டியலைப் புரட்டுமுன் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.