புகையாத வண்டியும் புகையும் வயிறும்

"ஐயா! எல்லா வண்டியும் மின்சார வண்டியாகிவிட்டால், எங்கள் அப்பா என்ன வேலை செய்வார்?"

கேட்டவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். காற்று மாசு குறித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கரும்பலகையை நடுவே கோடிட்டுப் பிரித்து, ஒரு பக்கம் புகை கக்கும் வண்டியின் கேட்டினையும், மறுபக்கம் புகையில்லா வண்டியின் மேன்மையையும் எழுதிப்போட்டு, கட்டுரை வரையுமாறு பணித்திருந்தோம். மற்றவர் எழுதத் தலைகுனிந்தனர். அவன் மட்டும் எழுந்து நின்றான். அவன் தந்தை அம்பத்தூரில் ஒரு சிறு பட்டறையிலே எஞ்சின் வால்வு தீட்டும் தொழிலாளி. இருபது ஆண்டுகளாக அதே வேலை. கருவி கொண்டு அளக்குமுன்னே விரல் நுனி அளந்துவிடும் என்பான் மகன், பெருமையோடு.

நாம் விடையளிக்கவில்லை. மணி அடித்தது, தப்பினோம். கல்லூரியிலே கலைப்பட்டம் பெற்று, மன்றங்களிலே மணிக்கணக்கில் முழங்கிப் பழகிய நமக்கு, பதினான்கு வயதுச் சிறுவன் முன்னே நாவெழவில்லை! அந்தக் கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகிறோம்.

தோழர்களே! இயந்திரத்தின் பகைவரல்லர் நாம். மாட்டு வண்டியே மாண்புடைத்து என்று மனமுருகும் பழமைப் பித்தர்களின் பஜனையில் சேர நமக்கு விருப்பமில்லை. 1937-லேயே கோவையில் மின்மோட்டார் செய்துகாட்டிய நாடு இது. எண்ணெய்ப் புகை குறையுமாயின் அதனால் முதலில் நலம் பெறுவோர் யார்? நாற்சந்தியில் நிற்கும் காவலர், நடைபாதையில் பூ விற்கும் தாய், ஆட்டோ ஓட்டும் தோழர் — இவர்களே. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்காற்று வாங்கியபடி செல்லும் சீமானின் நெஞ்சிலே அந்தப் புகை புகுவதில்லை. ஆகவே மின்வண்டி வரட்டும், விரைந்து வரட்டும்! ஆனால், அந்த வண்டிக்குக் கூலி கொடுப்பவன் ஒருவன், ஏறிச் செல்பவன் வேறொருவன் என்றால் — அங்கேதான் நமது வழக்குத் துவங்குகிறது.

முதலில் எண்ணெய் வரியின் கதையைப் பாருங்கள்.

2014-இல் பெட்ரோல் லிட்டர் ஒன்றுக்கு டில்லி வாங்கிய கலால் வரி 9 ரூபாய் 48 காசு. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. சரிந்த விலை மக்களுக்குக் கிட்டிற்றா? இல்லை! 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே ஒன்பது முறை வரியை ஏற்றினர். இடையே ஓரிருமுறை இறக்கினர், இறக்கியதைவிட மிகுதியாக மீண்டும் ஏற்றினர். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் எண்ணெயின் முன்பேர விலை சுழிக்கும் கீழே சென்றது. "எடுத்துப் போங்கள், பணமும் தருகிறோம்" என்று விற்பவனே கெஞ்சிய நாள் அது! ஊரடங்கில் உழைப்பாளி ஊர் நோக்கி நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், டில்லி செய்ததென்ன? மார்ச்சில் 3 ரூபாய், மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏற்றிற்று. வரி 32 ரூபாய் 98 காசாயிற்று.

கொத்தனார் ஒருவர், பழைய மொபெட்டில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் எரித்து வேலைக்குப் போகிறார் என்று கொள்வோம். 2021-இல் வரி 32 ரூபாய் 90 காசு. மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தால், டில்லிக்கு அவர் கட்டிய கப்பம் 822 ரூபாய் 50 காசு! வருமான வரி கட்டாதவர் என்று அவரை ஏளனம் செய்யும் கனவான்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கட்டும்.

அந்த 32 ரூபாய் 90 காசைப் பிரித்துப் பார்த்தால் சூது இன்னும் தெளிவாகும். மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படை வரி, அதிலே 1 ரூபாய் 40 காசு மட்டுமே! மற்றதெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்று பெயர் சூட்டப்பட்டவை. அவற்றுள் சாலைக்கென்று 18 ரூபாய். வேளாண் கட்டமைப்புக்கென்று 2 ரூபாய் 50 காசு. பெயரை மாற்றினால் பங்கு தரவேண்டியதில்லை. 1 ரூபாய் 40 காசில் 41 விழுக்காடு, அதாவது 57 காசு, அத்தனை மாநிலங்களுக்கும் சேர்த்து! 2020-21-இல் பெட்ரோல், டீசல் கலால் வரியாக டில்லி திரட்டியது ஏறத்தாழ 3.72 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்களுக்குப் பகிர்ந்தது 20 ஆயிரம் கோடிக்கும் குறைவு. பந்தி நமது வீட்டில், பரிமாறுபவர் டில்லி, இலை மட்டும் நமக்கு!

மாநில அரசும் பெட்ரோலுக்கு வரி வாங்குகிறதே எனக் கேட்பர். வாங்குகிறது, மறைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது, ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பென்று கணக்கும் சொல்லிற்று. டில்லி அந்த ஆண்டு நவம்பரில் 5 ரூபாயும், 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தது. அதன் பின்னரும் எஞ்சிய வரி, 2014-இல் இருந்ததைப்போல் இரு மடங்கு.

ஏன் இந்தப் பசி? எந்தக் கையால் கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் எந்தக் கையால் எடுத்தார்கள் என்பது விளங்கும். ஒன்பது முறை வரி ஏறிய அதே காலத்தில், 2015 நிதிநிலை அறிக்கையிலே செல்வ வரி ஒழிக்கப்பட்டது. "அதற்கு ஈடாகக் கோடிக்கு மேல் வருவாய் உடையோர் மீது 2 விழுக்காடு மேல்வரி போட்டோமே" என்பர். போட்டனர். அந்த மேல்வரியிலும் மாநிலங்களுக்குப் பங்கில்லை! 2019 செப்டம்பரில் நிறுவனங்களின் வருமான வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி இழப்பென்று நிதியமைச்சரே கூறினார். எட்டு மாதம் கழித்து, மொபெட் ஓட்டியின் சட்டைப்பையில் கை!

இது டில்லியின் தனிக் கண்டுபிடிப்பு அன்று. பிரான்சிலும் 2018 துவக்கத்தில் பழைய செல்வ வரியை எடுத்துவிட்டு, அசையாச் சொத்துக்கு மட்டும் ஒரு வரியை நிறுத்திவைத்தனர். அதே வேளையில் புவியைக் காப்பதாகச் சொல்லி எண்ணெய் வரியை ஏற்றினர். நவம்பர் 17 அன்று மஞ்சள் அங்கி அணிந்த மக்கள் நாற்சந்திகளை நிரப்பினர். நகரத்தில் வீட்டு வாடகை கட்டமுடியாமல் தொலைவில் குடியிருந்து, நாளும் வண்டியோட்டி வேலைக்கு வருவோர் அவர்கள். டிசம்பரில் ஆட்சி பணிந்தது. அடுத்த ஜனவரியில் ஏறவிருந்த வரி கைவிடப்பட்டது. புவி வெப்பத்தை மறுத்த மூடர் கூட்டம் என்று அவர்களைச் சிலர் தூற்றினர். அவர்களோ, சுமையைச் சமமாகப் பகிர்ந்தீர்களா என்றுதான் கேட்டனர்.

இனி மின்வண்டிக்கு வருவோம். 2019 ஆகஸ்டு முதல் மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. ஒரு லட்சம் விலையுள்ள ஸ்கூட்டருக்கும் 5. ஒரு கோடி விலையுள்ள உல்லாசக் காருக்கும் அதே 5! கொத்தனார் வாங்கும் பெட்ரோல் மொபெட்டுக்கோ 28 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22-க்குப் பின்னர்தான் 18 ஆகக் குறைந்தது. கடன் வாங்கி மின்வண்டி எடுத்தால், வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு என்று 2019-இல் ஒரு சலுகை. வருமான வரி கட்டுமளவுக்கு வருமானம் உள்ளவனுக்கல்லவா அந்தக் கழிவு? எளியவரும் எட்டிப் பிடிக்கக்கூடியது மின்ஸ்கூட்டருக்கான மானியம்; விலையில் 40 விழுக்காடு வரை தந்துவந்த அதனை 2023 ஜூன் முதல் 15 விழுக்காடாகச் சுருக்கினர்.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். சாலைக்கென வசூலிக்கும் செஸ் பெட்ரோலில் இருக்கிறது. மின்காருக்கு மாறியவர் அதனைக் கட்டுவதில்லை. அவர் காரோ மொபெட்டைவிடப் பன்மடங்கு எடையோடு அதே சாலையில் ஓடுகிறது. மாற முடிந்தவர் மாறிவிட, மாற முடியாதவர் — பழைய மொபெட்காரர், வாடகை ஆட்டோக்காரர், டெம்போ ஓட்டுநர் — சாலையின் முழுச் சுமையையும் தோளிலே தாங்கி நிற்பர். மாறுவோர் பெருகப் பெருக, எஞ்சியோரின் தலையிலே வரி கனக்கும். ஏழை வரி கட்டிப் போட்ட சாலையில் சீமான் சத்தமின்றிச் செல்வார்! (அந்தக் காரின் சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் எடுக்கிறார்கள். எஞ்சின் மாறிற்று, எலுமிச்சை மாறவில்லை.)

கார்ப் பித்தர்கள் ஒரு சாரார் உண்டு. சோழவரத்து ஓடுதளத்திலும், பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் நடந்த பந்தயங்களைக் கண்டு வளர்ந்தவர்கள், கோவை நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கியபோது குதித்தவர்கள், பழைய ஆர்.எக்ஸ். நூறு வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பூட்டி வைப்பவர்கள். "எஞ்சினின் ஓசை போயிற்றே, அதன் ஆன்மா போயிற்றே" என்று அவர்கள் புலம்புகின்றனர். மனிதனுக்கே ஆன்மா உண்டென்று ஒப்பாத நாம், எஞ்சினுக்கு உண்டென்றா ஒப்புவோம்!

ஆயினும் அவர்களை எள்ளி ஒதுக்கிட மனம் வரவில்லை. நம்மிலும் பலர் அந்த ஓசைக்குத் திரும்பிப் பார்ப்பவர்தாமே? அவர்கள் குறையில் நியாயமும் உண்டு. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. எரிசாராயம் 20 விழுக்காடு கலந்த பெட்ரோலை 2025-இல் நாடெங்கும் ஊற்றினர். எரிசாராயத்தின் வெப்பத்திறன் பெட்ரோலினும் மூன்றிலொரு பங்கு குறைவு, விலையோ குறையவில்லை. 2025 ஜூலை முதல் நாளன்று டில்லியில் பழைய வண்டிக்குப் பெட்ரோலே இல்லை என்றனர். கூக்குரல் எழவே சில நாளில் பின்வாங்கினர். பழைய காரைக் கலைப்பொருளாகக் காப்பவர் பணம் கட்டித் தப்புவார். அதையே பிழைப்புக்கு ஓட்டுபவர்?

அன்பர்களே! நீங்கள் ஆன்மா என்று அழைப்பது ஒரு மனிதனின் கைத்திறன். புதுப்பேட்டைச் சந்திலே, கரிபடிந்த கையோடு, காது வைத்துக் கேட்டே எஞ்சினின் கோளாறு சொல்லும் மெக்கானிக்கின் திறன். அவனுக்காக நீங்கள் இதுவரை ஓர் ஊர்வலம் போனதுண்டா? வண்டிக்குக் கண்ணீர் வடிக்கும் கண்கள், அதைச் செய்தவனைக் காணவில்லையே!

மின்வண்டியில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, ஸ்பார்க் பிளக், சைலன்சர், பெட்ரோல் டாங்கி இல்லை, பலவற்றில் கிளட்சும் இல்லை. அம்பத்தூரிலும் பாடியிலும் ஓசூரிலும் கோவையிலும் இவற்றை வார்த்து, கடைந்து, தீட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை ஆயிரம்! 2023-இல் வெளியிட்ட தமிழ்நாட்டு மின்வாகனக் கொள்கை 50,000 கோடி முதலீடும் ஒன்றரை லட்சம் வேலையும் குறிக்கோள் என்றது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் நிறுவனத்தின் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. மகிழ்கிறோம்! ஆனால் அந்த வேலை யாருக்கு? பட்டயம் பெற்ற இருபது வயது இளைஞனுக்கு. சான்றிதழே இல்லாமல், விரல் நுனியிலே தொழிலை வைத்திருக்கும் நாற்பத்து நான்கு வயதுக்காரனுக்கு அந்த வாயில் திறக்குமா?

ஆலை மூடினால் என்ன நேரும் என்பதை மறைமலைநகர் காட்டிற்று. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் அங்கே கடைசிக் கார் உருண்டது. அதற்குக் காரணம் நட்டமே, மின்வண்டியன்று, அதனையும் சொல்லிவிடுகிறோம். இழப்பீட்டுக்காகத் தொழிலாளர் வாரக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அவர்களுக்காவது சங்கம் இருந்தது, கேட்க ஒரு நிறுவனம் இருந்தது. ஆறு பேர் வேலை செய்யும் பட்டறையில் ஆர்டர் நின்றால், போராட யாரிடம் போவது? பட்டறை முதலாளியும் கடனாளிதானே!

இப்படித்தான் நடக்கவேண்டும் என்ற விதி ஏதுமில்லை. விதியை நம்புவோரும் அல்லோம். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் ஆலையில் 2024 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம், 2030-க்குள் 35,000 பணியிடங்களைக் குறைக்க வழிசெய்தது. இழப்பு பெரிது, எனினும் கட்டாய வேலைநீக்கம் இல்லை என்ற உறுதியைத் தொழிற்சங்கம் எழுதி வாங்கிற்று. இயந்திரம் அங்கும் மாறிற்று, இங்கும் மாறிற்று. அங்கே மேசையின் மறுபுறம் தொழிலாளி உட்கார்ந்திருந்தான்!

இங்கே மேசையே போடவில்லை. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. ஏழைக்கும் எட்டும் மின்வண்டி பேருந்துதான், கைதட்டி வரவேற்றோம். பிறகுதான் அறிந்தோம்: நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர், ஓட்டுநரோ தனியார் ஒப்பந்தத்தவர். புதிய பேருந்துக்குப் பழைய உரிமை பொருந்தாதா?

நாம் கேட்பது என்ன? செஸ் என்ற பெயரால் டில்லி விழுங்கும் எண்ணெய் வரியில் மாநிலங்களுக்குப் பங்கு வேண்டும். அந்தப் பங்கின் முதல் செலவு, வால்வு தீட்டுபவரும் பிஸ்டன் கடைபவரும் மறுதொழில் கற்கும் மாதங்களுக்கான ஊதியமாக இருக்கவேண்டும். உதவித்தொகையாக அன்று, ஊதியமாக! மானியம் முதலில் ஆட்டோவுக்கும் பேருந்துக்கும். கோடி ரூபாய்க் காருக்கு 5 விழுக்காடு வரி என்பது ஒழியவேண்டும். மின்பேருந்தை ஓட்டுபவர் கழகத்தின் ஊழியராக இருத்தல் வேண்டும்.

அந்த மாணவனை மறுநாள் அழைத்து இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "இப்போது வாரத்தில் நான்கு நாள்தான் ஐயா அப்பாவுக்கு வேலை. மீதி நாளில் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொள்கிறார். பெட்ரோல் ஆட்டோ."